காய்ச்சல் தணிந்தபின் வரும் மூட்டுவலி



நம் மன்ற மலரில் கவிதைக்கும் இலக்கிய ஆராய்ச்சிக்கும் என்றும் பஞ்சமில்லை. நுண்ணுயிரியல் பயிலும் என்னிடம், "நோயைப் பற்றி ஏதாவது எளிய தமிழில் எழுதித் தாரும்" என்று ஆசிரியர் குழுவினர் கேட்டபோது, எதை எழுதுவது என்று யோசிக்க வேண்டிய தேவையே எனக்கு ஏற்படவில்லை. சென்ற மழைக்காலத்தில் கசார்வாடியில் நான் குடியிருக்கும் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் நடந்த ஒன்று என் மனத்தை விட்டு அகலாமல் இருக்கிறது. அதையே பாடமாக வைத்து எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். படித்ததையும் டாக்டர்களிடம் கேட்டறிந்ததையும் கூறுகிறேன்.

பக்கத்து வீட்டார் திருநெல்வேலிப் பக்கத்தவர். வீட்டுக்காரர் போசரித் தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை பார்க்கிறார். மகனுக்கு வயது 9. ஒரு நாள் காலை நான் ரயிலுக்குப் புறப்படும் வேளையில் அந்த அம்மாள் வாசலில் நின்று அழைத்தார்.

"தம்பி, செத்த வந்து பாருங்க. பய எழும்பவே மாட்டேங்கான். நேத்து முட்டுல வலின்னான்; இன்னைக்கு முட்டு சரியாப் போச்சு, கரண்டைக் கால் வீங்கிக் கெடக்கு. தொட்டா அலறுதான்."

"காய்ச்சல் இருக்கா அக்கா?"

"லேசா இருக்கு. சிக்குன்குனியாவாத்தான் இருக்கும்னு எல்லாரும் சொல்லுதாவ."

மழைக்காலம், கொசு மிகுந்த பகுதி, தெருவில் இரண்டொருவருக்கு முன்பே அந்நோய் வந்திருந்தது. ஆகவே அண்டை அயலார் அப்படிச் சொன்னதில் வியப்பில்லை. அதற்கு முன்தினம் அருகிலிருந்த ஒரு சிறிய மருத்துவ நிலையத்திலோ, "வளரும் பிள்ளைக்கு வரும் வலி" என்று சொல்லி, வலி தீர மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தார்கள். இரண்டு விடைகளுமே தவறு என்பது பின்னர்த் தெரிந்தது. சரியான விடை எது என்பதைக் கட்டுரையின் இடையில் சொல்வேன். அதற்குமுன், தொற்றுநோய்க்குப் பின் குழந்தைகளின் மூட்டு ஏன் வலிக்கிறது என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

மூன்று வழிகள்

எலும்பும் எலும்பும் கூடுமிடத்தில் வழவழப்பான குருத்தெலும்பும், அதைச் சுற்றி மெல்லிய சவ்வும், சவ்வுக்குள் சிறிதளவு பசைநீரும் உள்ளன. இச்சவ்வில் இரத்த ஓட்டம் மிகுதி. இரத்தத்தில் கிருமியோ, கிருமியை எதிர்க்கும் பொருள்களோ சென்றால் இச்சவ்வு எளிதில் சிவந்து வீங்கும். நீர் கோக்கும், வலிக்கும்.

தொற்று மூட்டைத் தாக்கும் வழிகளை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது, கிருமி தானே மூட்டுக்குள் புகுந்து குடியேறுவது. இரண்டாவது, வைரஸ் காய்ச்சலின் ஒரு பகுதியாகவே மூட்டு வீங்குவது. மூன்றாவது, கிருமி வேறெங்கோ தொண்டையிலோ குடலிலோ வந்து போன பின்பு, அதனை எதிர்க்கப் புறப்பட்ட நம் உடலின் காவற்படையே ஆள் தெரியாமல் சொந்த மூட்டைத் தாக்குவது. மூன்றுக்கும் வலி ஒன்றுபோல் இருக்கலாம். மருந்து வேறு, அவசரமும் வேறு.

கிருமி மூட்டில் புகுந்தால்

இதுவே யாவற்றிலும் அவசரமானது. பெரும்பாலும் ஸ்டஃபிலோகாக்கஸ் என்னும் பாக்டீரியா, தோலில் உள்ள புண் வழியாகவோ வேறு வழியாகவோ இரத்தத்தில் கலந்து, முழங்காலிலோ இடுப்பிலோ தங்கிச் சீழ் பிடிக்கச் செய்கிறது. பொதுவாக ஒரே ஒரு மூட்டுத்தான் பாதிக்கப்படும். கடும் காய்ச்சல் இருக்கும். குழந்தை அக்காலை அசைக்க விடாது, ஊன்ற மறுக்கும். கைக்குழந்தையானால் ஒரு காலை மட்டும் அசைக்காமல் கிடக்கும். துணி மாற்றும்போது வீறிட்டு அழும். இடுப்பு மூட்டு ஆழத்தில் இருப்பதால் வீக்கம் வெளியே தெரியாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

சீழ் சில நாட்களுக்குள் குருத்தெலும்பை அரித்துவிடும். அரித்தது மீண்டும் வளர்வதில்லை. பிள்ளை வாழ்நாள் முழுவதும் நொண்ட நேரிடும். ஆகையால் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும். ஊசியால் நீரை எடுத்துச் சோதித்து, சீழை வெளியேற்றி, இரத்தக் குழாய் வழியே மருந்து செலுத்துவார்கள்.

இதைப் போலவே தோன்றி, ஆனால் சாதுவாகப் போய்விடும் ஒன்றும் உண்டு. சளி, காய்ச்சல் வந்து போன ஓரிரு வாரத்தில் 3 முதல் 10 வயதுக்குட்பட்ட பிள்ளை திடீரென நொண்டும். இடுப்பு வலி என்றோ, முழங்கால் வலி என்றோ சொல்லும். இது இடுப்பு மூட்டின் தற்காலிக அழற்சி. ஓய்வெடுத்தால் ஓரிரு வாரத்தில் தானே தணியும். இரண்டையும் பிரித்தறிய 1999-ஆம் ஆண்டு பாஸ்டன் நகரக் குழந்தை மருத்துவமனை டாக்டர்கள் நான்கு அடையாளங்களை வகுத்தார்கள். காய்ச்சல் 38.5 டிகிரி செல்சியசுக்கு மேல் இருத்தல், காலை ஊன்ற முடியாமை, இரத்தச் சிவப்பணு படியும் வேகம் மணிக்கு 40 மில்லிமீட்டருக்கு மேல் இருத்தல், வெள்ளணுக்கள் கன மில்லிமீட்டருக்கு 12,000-க்கு மேல் இருத்தல் என்பன அவை. இவற்றுள் எத்தனை கூடுகின்றனவோ அத்தனைக்குச் சீழ் மூட்டு என்ற ஐயமும் கூடும்.

காசநோய்க் கிருமியும் மூட்டில் தங்குவதுண்டு. அது மெல்ல, வாரக்கணக்காக, மாதக்கணக்காக வளரும், பெரும்பாலும் ஒரே மூட்டு, பிள்ளை மெலியும். நம் நாட்டில் இதை மறந்துவிடலாகாது.

வைரஸ் காய்ச்சலும் நம் புனேயும்

அண்டை வீட்டார் ஐயுற்ற சிக்குன்குனியாவுக்கு வருவோம். இந்நோய் 1952-இல் அன்றைய டாங்கனீக்காவில், இன்றைய தான்சானியாவில், மக்கோண்டே பீடபூமியில் பரவியபோது முதன்முதல் தெளிவாக விவரிக்கப்பட்டது. வலியால் உடல் கோணி வளைவதைக் குறிக்கும் அம்மக்களின் சொல்லே நோய்க்குப் பெயராயிற்று. இந்தியாவில் 1963-இல் கல்கத்தாவிலும், 1964-இல் நம் சென்னையிலும் வேலூரிலும் இது பரவியது. 1973-இல் இதே மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் மாவட்டத்துப் பார்சியில் தலைகாட்டியது. பின்னர் முப்பதாண்டுகளுக்கு மேலாக ஏறத்தாழ மறைந்தே கிடந்தது. 2005-ஆம் ஆண்டின் இறுதியில் ஆந்திரத்தில் மீண்டும் கிளம்பி, 2006-இல் தமிழகம், கர்நாடகம், மகாராஷ்டிரம் என்று பரவி, 13 லட்சத்துக்கும் மேற்பட்டோரை வருத்தியதாகக் கணக்கெடுத்தார்கள்.

இக்கிருமியை ஆராய்வதில் நம் புனே நகருக்குத் தனிச் சிறப்பு உண்டு. 1952-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ராக்ஃபெல்லர் அறநிலையமும் சேர்ந்து இங்கே வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கின. 1978-இல் தேசிய நிறுவனமாக உயர்ந்த அதுவே இன்றைய தேசிய வைராலஜி நிறுவனம். 2006-இல் பரவிய வைரஸ் பழைய ஆசிய இனத்தைச் சேர்ந்ததன்று, ஆப்பிரிக்க இனத்தைச் சேர்ந்தது என்று காட்டிய ஆராய்ச்சிகளில் இந்நிறுவனத்தின் பங்கு பெரிது.

சிக்குன்குனியாவில் காய்ச்சலும் மூட்டுவலியும் ஏறத்தாழ ஒருங்கே வரும். மூன்று வாரம் காத்திருந்து வருவதில்லை. விரல், மணிக்கட்டு, கணுக்கால் எனப் பல மூட்டுகளில் இருபுறமும் ஒரே சமயத்தில் வலிக்கும். பெரியவர்களுக்கு மாதக்கணக்கில் நீடிக்கக்கூடிய வலி, குழந்தைகளுக்குப் பெரும்பாலும் விரைவில் தணிந்துவிடும். டெங்குவிலும் உடம்பெல்லாம் முறிப்பதுபோல் வலிக்கும். பார்வோ வைரஸ், ருபெல்லா முதலியவையும் சில பிள்ளைகளுக்கு மூட்டு வீக்கம் தரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. காய்ச்சலுடன் கூடிய வலிக்கு வீட்டாரே ஆஸ்பிரின் வாங்கிக் கொடுத்துவிடக்கூடாது. டெங்குவானால் இரத்தக் கசிவு அதிகரிக்கும். ஃபுளூவோ சின்னம்மையோ ஆனால் குழந்தையின் கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ரை நோய் என்னும் அபாயம் உண்டு.

ஆள் தெரியாமல் அடிக்கும் காவற்படை

வயிற்றுப்போக்கு உண்டாக்கும் சால்மோனெல்லா, ஷிகெல்லா, கேம்பிலோபாக்டர் முதலிய கிருமிகள் குடலில் வந்து போன 1 முதல் 4 வாரங்களில் முழங்காலோ கணுக்காலோ வீங்குவதுண்டு. மூட்டு நீரைச் சோதித்தால் கிருமி வளராது. கண் சிவப்பும் சிறுநீர் எரிச்சலும் சிலருக்குச் சேர்ந்து வரும். பெரும்பாலும் சில மாதங்களில் குணமாகும்.

வேறு சில பிள்ளைகளுக்குச் சளி பிடித்த பின்பு காலிலும் பிட்டத்திலும் ஊதாநிறப் புள்ளிகள் தோன்றும். வயிற்று வலியும் மூட்டு வீக்கமும் வரும். நுண்ணிய இரத்தக் குழாய்களின் அழற்சி இது. மூட்டு தானே சரியாகும். ஆனால் சிறுநீரகம் பாதிக்கப்படுகிறதா என்று சில மாதங்கள் சிறுநீரைச் சோதித்துவர வேண்டும்.

இவ்வகையில் மிகக் கொடியதும் நம் நாட்டில் இன்றும் ஒழியாததும் வாதக் காய்ச்சல். டாக்டர்கள் இதை ருமாட்டிக் காய்ச்சல் என்பார்கள்.

தொண்டையில் தொடங்கி இதயத்தில் முடிவது

ஏ பிரிவு ஸ்டிரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் வரும் தொண்டைப்புண் 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்குச் சாதாரணம். நாலைந்து நாளில் தானே ஆறிவிடும். யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் அக்கிருமியின் மேலுறையிலுள்ள புரதம் நம் இதயத்தசை, மூட்டுச் சவ்வு முதலியவற்றிலுள்ள புரதங்களை ஒத்திருக்கிறது. கிருமியை அடிக்கப் பழகிய காவற்படை, 2 அல்லது 3 வாரம் சென்றபின், அதே சாயலுள்ள சொந்த உறுப்புகளையும் அடிக்கத் தொடங்குகிறது.

இதன் மூட்டுவலிக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அது இடம் மாறும். இன்று முழங்கால், நாளை கணுக்கால், மறுநாள் முழங்கை என்று ஒன்றை விட்டு ஒன்றைப் பற்றும். போர்வை பட்டாலும் அழும் அளவுக்கு வலிக்கும். ஆயினும் மூட்டுக்கு நிலையான கேடு விளைவிப்பதில்லை. இதயத்திலோ தழும்பு வைத்துவிட்டுப் போகும். இடப்புற மேலறைக்கும் கீழறைக்கும் நடுவேயுள்ள மைட்ரல் வால்வு முதலில் கசியும். பின் ஆண்டுகள் செல்லச் செல்லச் சுருங்கும். சில பிள்ளைகளுக்குக் கையும் காலும் தாமாக ஆடும் நடுக்கமும் வரும்.

மேலைநாடுகளில் வால்வு சுருங்கப் பல பத்தாண்டுகள் ஆகும். நம் நாட்டிலோ 20 வயதுக்குள்ளேயே சுருங்கிப்போன இளைஞர்கள் பலர் இருந்தார்கள். டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தார் 1963-இல் இதை உலகுக்கு எடுத்துக்காட்டினார்கள்.

இந்நோயை அறிய 1944-இல் டக்கெட் ஜோன்ஸ் என்னும் அமெரிக்க டாக்டர் அடையாளங்களைத் தொகுத்தார். 2015-இல் அவை திருத்தப்பட்டன. இந்நோய் மிகுந்த நாடுகளில் ஒரே ஒரு மூட்டு வீங்கினாலும், அல்லது வீக்கமே இன்றிப் பல மூட்டுகள் வலித்தாலும் முக்கிய அடையாளமாகக் கொள்ளலாம் என்பது அத்திருத்தத்தின் சிறப்பு. இதயத்தில் முணுமுணுப்பு ஒலி கேளாவிட்டாலும் ஒலியலைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றும் அது வற்புறுத்துகிறது.

வயோமிங்கிலிருந்து பிம்ப்ரி வரை

இந்நோயைத் தடுக்க முடியும் என்பது எப்படித் தெரிந்தது? அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் ஒரு விமானப்படைத் தளத்தில் வீரர்களுக்குத் தொண்டைப்புண் ஓயாமல் பரவியது. அங்கே ஏறத்தாழ 800 பேருக்குப் பெனிசிலின் கொடுத்தார்கள். ஏறத்தாழ அதே தொகையினருக்குக் கொடுக்கவில்லை. பெற்றவர்களுள் 2 பேருக்கும், பெறாதவர்களுள் 17 பேருக்கும் வாதக் காய்ச்சல் வந்தது. 1950-இல் இம்முடிவு வெளியாயிற்று. தொண்டை வலி தொடங்கிய 9 நாட்களுக்குள் பெனிசிலின் தந்தாலே பெரும்பாலும் தடுத்துவிடலாம் என்பது இன்று நிலைபெற்ற உண்மை.

அந்தப் பெனிசிலினை ஏழை நாடு எங்கே வாங்கும்? உலகச் சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியும் துணைநிற்க, 1954-இல் இந்திய அரசு இந்துஸ்தான் ஆண்டிபயாடிக்ஸ் நிறுவனத்தை அமைத்தது. 1955-இல் அங்கே பெனிசிலின் உற்பத்தி தொடங்கிற்று. அது அமைந்த இடம் பிம்ப்ரி. கசார்வாடியில் ரயில் ஏறினால் அடுத்த நிலையம்! மருந்து பிறந்த ஊருக்குப் பக்கத்துத் தெருவில், அம்மருந்து கிடைக்காமையால் அல்ல, தொண்டை வலியை யாரும் ஒரு பொருட்டாக எண்ணாமையால் ஒரு பிள்ளையின் இதயம் கெடுமானால், அதை என்னென்பது?

அன்று காலை அந்த அம்மாளிடம் நான் கேட்ட இரண்டாவது கேள்வி, "மூணு நாலு வாரத்துக்கு முன்னால தொண்டை வலின்னு சொன்னானா அக்கா?" என்பதே. அவர் சற்று யோசித்தார். "ஆமா தம்பி, பள்ளிக்கூடம் தொறந்த கொஞ்ச நாள்ல. எச்சில் முழுங்க முடியலன்னான். உப்புத் தண்ணி கொப்பளிச்சான், போயிட்டு" என்றார். வலி இடம் மாறியதும் இதுவும் சேர்ந்து என்னைத் திடுக்கிடச் செய்தன. அன்று நான் வகுப்புக்குப் போகவில்லை. மூவரும் ஆட்டோவில் பெரிய மருத்துவமனைக்குச் சென்றோம்.

இரத்தத்தில் அக்கிருமிக்கு எதிரான பொருள் மிக உயர்ந்திருந்தது. ஒலியலைப் படத்தில் மைட்ரல் வால்வில் சிறு கசிவு தெரிந்தது. டாக்டர் அம்மையார் படத்தைக் காட்டி, "சிறிதாக இருக்கும்போதே வந்தீர்கள்" என்று மட்டும் சொன்னார். அந்த அம்மாளுக்கு மராத்தியும் இந்தியும் அரைகுறை. நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. இதயம் என்ற சொல்லைச் சொல்லும்போது என் நாக்கே தடுமாறிற்று.

தொற்றே அல்லாதவை

எல்லா வலிக்கும் தொற்றே காரணம் என்று முடிவு கட்டிவிடுவதும் பிழை. மூட்டு வீக்கம் 6 வாரத்துக்கு மேல் நீடித்து, காலையில் விறைப்பு மிகுந்திருந்தால், அது 16 வயதுக்குள் வரும் இளம்பருவ மூட்டழற்சியாக இருக்கலாம். பிள்ளை வெளுத்து, இரவில் எலும்பு வலியால் விழித்து அழுது, அடிக்கடி காய்ச்சலும் உடம்பில் கன்றலும் கண்டால், இரத்தப் புற்றுநோயை நினைக்கவேண்டும். வலியைக் கண்டவுடன் ஸ்டீராய்டு மருந்து தந்துவிட்டால் அந்நோய் தற்காலிகமாக மறைந்து, கண்டுபிடிப்பது தாமதமாகும்.

"வளரும் வலி" என்பதும் உண்மையில் உண்டு. ஆனால் அது மாலையிலோ இரவிலோ இரு கால்களிலும் தசையில் வரும். பிடித்துவிட்டால் சுகமாக இருக்கும். காலையில் பிள்ளை ஓடியாடும். வீக்கமும் காய்ச்சலும் நொண்டலும் உள்ள வலி வளரும் வலி ஆகாது. இந்த ஒரு வாக்கியத்தையேனும் நினைவில் கொள்ள வேண்டுகிறேன்.

கேட்க வேண்டிய கேள்விகள்

நம்மில் பலர் விடுமுறையில் ஊருக்குப் போவோம். அங்கே யார் வீட்டிலேனும் இப்படி ஒரு பிள்ளை கிடந்தால், மருந்து சொல்ல வேண்டாம், கேள்வி கேட்போம்.

1. ஒரு மூட்டா, பல மூட்டா? ஒரே இடத்தில் நிற்கிறதா, இடம் மாறுகிறதா?

2. காலை ஊன்றுகிறானா? கடும் காய்ச்சலோடு ஊன்ற மறுத்தால் அன்றே மருத்துவமனை.

3. சென்ற ஒரு மாதத்தில் தொண்டை வலி, வயிற்றுப்போக்கு, சளி, தோலில் புண் ஏதேனும் வந்ததா? எத்தனை நாட்களுக்கு முன்?

4. தோலில் புள்ளி உண்டா? வெளுத்திருக்கிறானா? மூச்சு வாங்குகிறதா?

5. வலி காலையிலா, இரவிலா? எத்தனை நாளாய்?

இவ்வைந்துக்கும் விடையைத் துண்டுத் தாளில் குறித்துக் கொடுத்தனுப்பினாலே டாக்டருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

முடிவாக

அந்தப் பையனுக்கு மூட்டுவலி சிகிச்சை தொடங்கிய இரண்டு நாட்களில் பறந்துவிட்டது. இனித்தான் கடினமான பகுதி. மீண்டும் ஒருமுறை தொண்டைப்புண் வந்தால் நோய் திரும்பும்; ஒவ்வொரு திரும்புதலும் வால்வை மேலும் கெடுக்கும். ஆகவே 3 வாரத்துக்கு ஒருமுறை பென்சதீன் பெனிசிலின் ஊசி போட்டு வரவேண்டும். இதயம் பாதிக்கப்பட்ட பிள்ளைக்குக் குறைந்தது 10 ஆண்டு, அல்லது 21 வயது வரை, இரண்டில் எது நீண்டதோ அதுவரை. ஊசி நன்றாக வலிக்கும். பிள்ளை நலமாக ஓடுகிறான், வலியோ இல்லை, பிறகு ஏன் ஊசி என்று வீட்டாருக்கே தோன்றும். இந்நோயில் பலர் கெட்டுப்போவது இவ்விடத்தில்தான்.

அந்த வீட்டுச் சுவரில் ஒரு நாட்காட்டி தொங்குகிறது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை சிவப்பு மையால் வட்டம் போட்டிருக்கிறார்கள். இதுவரை ஒரு வட்டமும் தவறவில்லை. தந்தைக்குப் பகல் ஷிப்டு விழும் நாளில் நான் அவனை அழைத்துச் செல்கிறேன். சென்ற முறை திரும்பி வரும்போது, "அண்ணா, இன்னும் எத்தனை ஊசி?" என்று கேட்டான். நான் மனத்துக்குள் கணக்கிட்டேன். ஆண்டுக்கு 17, பன்னிரண்டு ஆண்டுக்கு இருநூறுக்கும் மேல். அதைச் சொல்ல மனம் வரவில்லை. "அடுத்தது ஒண்ணுதான்" என்றேன்.

நான் படிப்பு முடிந்து கசார்வாடியை விட்டுப் போய்விடுவேன். அந்த வட்டங்கள் தொடரவேண்டும். இக்கட்டுரையைப் படிக்கும் நண்பர்களுள் அப்பகுதியில் குடியிருப்போர் யாரேனும் இருப்பின், என்னை வந்து காணுங்கள். மூன்று வாரத்துக்கு ஒரு முற்பகல் போதும்.